பிரகடனத்துக்கு முன்பே நடந்த ஆட்சி மாற்றம்: 13 அமெரிக்கக் காலனிகள் பிரிந்த விதம்

காலனிகள் ஒரு பேரரசிலிருந்து எப்படிப் பிரிகின்றன, பிரிந்தபின் புதிய அரசை யார், எந்த அதிகாரத்தின் பேரில் அமைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அநியாய வரி, மக்கள் கொதிப்பு, சுதந்திரப் பிரகடனம், போர், வெற்றி, கடைசியாக அரசியல் சட்டம் என்ற வரிசையைத்தான் இதற்குப் பதிலாக நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். வட அமெரிக்காவில் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த 13 காலனிகளின் வரலாற்றை ஆண்டுவாரியாகப் பார்த்தால் அந்த வரிசை நிற்காது. வரி யாருடைய கஜானாவுக்குப் போகிறது, நீதிமன்றத்தை யார் திறக்கிறார்கள், படை யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்படுகிறது என்ற மூன்றும் கைமாறும்போதுதான் ஒரு காலனி உண்மையில் பிரிகிறது. அமெரிக்காவில் இவை பெருமளவு கைமாறிய பிறகுதான் பிரகடனம் எழுதப்பட்டது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பொது அரசு அமைவதற்கோ அதற்குப் பின்னும் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. எனவே அந்த ஒரு வரலாற்றையே முதன்மையாக வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இந்தக் காலனிகள் 1776-க்கு முன்பே ஏறக்குறைய தன்னாட்சி நடத்திப் பழகியவை. வர்ஜீனியாவில் 1619-லேயே தேர்ந்தெடுக்கப்பட்ட சபை கூடியது. ஒவ்வொரு காலனியிலும் சொத்துள்ள ஆண்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் இருந்தது. உள்ளூர் வரிகளை அந்தச் சட்டமன்றமே விதித்தது. பல இடங்களில் அரசர் அனுப்பிய ஆளுநரின் சம்பளத்தைக்கூட அதுதான் ஒதுக்கியது. சம்பளம் தருபவர் கையில் கடிவாளம் இருக்கும் என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன. வெளிநாட்டு வணிகமும் போரும் லண்டனின் பொறுப்பு, உள்விவகாரமும் வரியும் சட்டமன்றத்தின் பொறுப்பு என்ற ஏற்பாடு எங்கும் எழுதிவைக்கப்படாமலே பல தலைமுறைகளாக நடந்து வந்தது. எழுதப்படாத அந்த ஏற்பாட்டில் லண்டன் கைவைத்ததுதான் பிளவின் தொடக்கம்.

1763-இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டன் வட அமெரிக்காவில் பிரெஞ்சுப் போட்டியை ஒழித்திருந்தது. ஆனால் அதன் தேசியக் கடன் போருக்கு முன் இருந்ததைப் போல ஏறக்குறைய இருமடங்காகியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்தவிருந்த படையின் செலவில் ஒரு பகுதியையாவது காலனிகள் ஏற்க வேண்டும் என்று நாடாளுமன்றம் கருதியது. லண்டனிலிருந்து பார்த்தால் அது நியாயமற்ற எதிர்பார்ப்பு என்று சொல்ல முடியாது. 1765-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் செய்தித்தாள், நீதிமன்றப் பத்திரங்கள், உரிமங்கள், சீட்டுக்கட்டு வரை வரி விதித்தது. வரியின் அளவைவிட அதை விதித்தது யார் என்பதே சச்சரவாயிற்று. காலனிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. அந்த அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முத்திரைத் தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்டவர்கள் மிரட்டலுக்கு அஞ்சி ஒவ்வொருவராகப் பதவி விலகியதால், சட்டம் நடைமுறைக்கு வர வேண்டிய நவம்பர் 1 அன்று அதை நடைமுறைப்படுத்த ஏறக்குறைய ஆளே இல்லை. மறு ஆண்டு நாடாளுமன்றம் அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் காலனிகள் மீது எந்த விஷயத்திலும் சட்டம் இயற்றத் தனக்கு உரிமை உண்டு என்று கூடவே இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. 1767-இல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதி வரி வந்தது. அந்த வருவாயிலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் லண்டனே சம்பளம் கொடுக்கலாம் என்ற திட்டமும் அதில் இருந்தது. எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான் என்று நான் நினைக்கிறேன். சட்டமன்றங்கள் கையில் வைத்திருந்த கடிவாளத்தை அது நேராகவே பறித்தது.

1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்ட கதையை எல்லோரும் அறிவார்கள். அதற்குத் தண்டனையாக 1774-இல் வந்த சட்டங்கள்தான் ஆட்சியைக் கைமாற்றின. பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் காலனியின் மேல்சபையை இனி அரசரே நியமிப்பார், ஊர்க்கூட்டங்கள் ஆளுநரின் அனுமதியின்றி ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கூடக்கூடாது, வழக்குகளில் தீர்ப்புச் சொல்லும் நடுவர் குழுவை ஷெரீப் என்ற மாவட்ட அதிகாரி தேர்ந்தெடுப்பார் என்று அந்தக் காலனியின் சாசனமே, அதாவது அதன் ஆட்சிமுறையை வகுத்து அரசர் வழங்கிய பத்திரமே, மாற்றியமைக்கப்பட்டது. பாஸ்டனைத் தண்டிக்க வந்த சட்டம் உள்நாட்டின் ஒவ்வொரு சிற்றூரையும் தொட்டுவிட்டது.

1774 செப்டம்பர் 6 அன்று வூஸ்டர் என்ற சிற்றூரில் மாவட்ட நீதிமன்றம் கூட வேண்டியிருந்தது. சுற்றிலும் இருந்த 37 ஊர்களிலிருந்து சுமார் 4,600 குடிப்படையினர் அன்று காலை வந்து சேர்ந்து, பிரதான வீதியின் இருபுறமும் ஊர் ஊராக அணிவகுத்து நின்றார்கள். நீதிபதிகளும் நீதிமன்ற அதிகாரிகளும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அந்த இரு வரிசைகளுக்கும் நடுவே நடக்க வேண்டியிருந்தது. புதிய சட்டங்களின் கீழ் நீதிமன்றம் நடத்த மாட்டோம் என்ற உறுதிமொழியை, எல்லோர் காதிலும் விழும்படி வழிநெடுகத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். ஒரு துப்பாக்கிகூடச் சுடப்படவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் பாஸ்டனுக்கு வெளியே மாசசூசெட்ஸில் அரசரின் அதிகாரம் ஏறக்குறைய எங்கும் இல்லாமல் போயிற்று. போரின் முதல் குண்டு லெக்சிங்டனில் வெடித்தது 1775 ஏப்ரல் 19 அன்று. அதாவது ஏழு மாதங்களுக்குப் பிறகு.

பழைய ஆட்சி விழுந்த இடத்தில் அராஜகம் வராததற்குக் காரணம், மாற்று அமைப்புகள் ஏற்கெனவே தயாராக இருந்ததுதான். 1772-இல் சாமுவேல் ஆடம்ஸ் முயற்சியில் பாஸ்டனில் தொடங்கிய கடிதத் தொடர்புக் குழுக்கள் ஊர்களையும், பின்னர் காலனிகளையும் ஒன்றோடொன்று இணைத்திருந்தன. 1774 அக்டோபரில் மாசசூசெட்ஸில் ஆளுநரை மதியாமல் மாகாணக் காங்கிரஸ் என்ற பிரதிநிதிகள் சபை கூடியது. அது எடுத்த முடிவுகளில் ஒன்றை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். வரி வசூலிப்பவர்கள் அந்தப் பணத்தை அரசரின் பொருளாளரான ஹாரிசன் கிரேயிடம் செலுத்த வேண்டாம், தான் நியமித்த ஹென்றி கார்ட்னரிடம் செலுத்துங்கள் என்று ஊர்களைக் கேட்டுக்கொண்டது. சுதந்திரம் என்ற சொல்லை அப்போது யாரும் அதிகாரபூர்வமாக உச்சரிக்கவில்லை. ஆனால் கஜானாவின் சாவி இடம் மாறத் தொடங்கிவிட்டது.

காலனிகள் அனைத்துக்குமான அமைப்பும் இதே காலத்தில்தான் உருவாயிற்று. 1774 செப்டம்பரில் பிலடெல்பியாவில் கூடிய முதல் கான்டினென்டல் காங்கிரஸில் ஜார்ஜியா நீங்கலாக 12 காலனிகள் பங்கேற்றன. பிரிட்டிஷ் சரக்குகளை டிசம்பர் 1 முதல் இறக்குமதி செய்வதில்லை என்று அது முடிவெடுத்தது. அதைக் கண்காணிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் நகரத்திலும் ஊரிலும் குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் சொன்னது. தடை தொடங்கிய பின் இரண்டு மாதத்துக்குள் வந்து சேரும் சரக்கின் உரிமையாளர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: திருப்பி அனுப்பலாம், குழுவின் பொறுப்பில் வைக்கலாம், அல்லது குழுவை விற்கச் சொல்லி முதலை மட்டும் பெற்றுக்கொண்டு லாபத்தைப் பாஸ்டனின் ஏழைகளுக்கு விட்டுவிடலாம். மீறுபவரின் பெயர் செய்தித்தாளில் வெளியிடப்படும்; அதன்பின் யாரும் அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக்கூடாது. ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் இந்தக் குழுக்களில் அமர்ந்து முதன்முறையாக அதிகாரம் செலுத்தினார்கள். அந்த அதிகாரம் எப்போதும் மென்மையாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசருக்கு விசுவாசமாக இருந்தவர்கள் அவமானப்படுத்தப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள், பின்னாளில் பலருடைய சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. போர் முடிவதற்குள் சுமார் 60,000 விசுவாசிகள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். பேரரசை உடைத்த போராட்டம் உள்நாட்டுப் போராகவும் இருந்தது.

1775 மே மாதம் கூடிய இரண்டாம் காங்கிரஸ் ஒரு விசித்திரமான நிலையில் இருந்தது. ஜூனில் ஜார்ஜ் வாஷிங்டனைப் படைத்தலைவராக்கி, காகிதப் பணம் அச்சிட ஆணையிட்டு, ஜூலையில் பெஞ்சமின் பிராங்க்ளின் தலைமையில் அஞ்சல் துறையையும் அமைத்தது. அதே ஜூலையில் சமாதானம் வேண்டி அரசருக்கு விண்ணப்பமும் அனுப்பியது. அரசர் மூன்றாம் ஜார்ஜ் அந்த விண்ணப்பத்துக்குப் பதில் தராமல், ஆகஸ்டில் காலனிகள் கலகத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். அரசரே தம் பாதுகாப்பிலிருந்து தங்களை விலக்கிவிட்டதால் தங்களுக்கும் விசுவாசக் கடமை இல்லை என்று காலனி மக்கள் வாதாட அது வழி செய்தது. 1776 மே மாதம், மாசசூசெட்ஸ் பிரதிநிதி ஜான் ஆடம்ஸின் முயற்சியில், அரசரின் பெயரால் நடக்கும் அதிகாரம் முழுவதும் ஒழிய வேண்டும், காலனிகள் மக்களின் அதிகாரத்தில் தத்தம் அரசுகளை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று காங்கிரஸ் தீர்மானித்தது. என் பார்வையில் பிரிவினையின் உண்மையான சட்ட நடவடிக்கை இந்தத் தீர்மானம்தான். ஜூலை 2-இல் நடந்த சுதந்திர வாக்கெடுப்பும் ஜூலை 4-இல் ஏற்கப்பட்ட பிரகடனமும் அதன் தர்க்கரீதியான தொடர்ச்சி.

அப்படியானால் பிரகடனம் எதற்காக என்று கேட்கலாம். அதன் முதன்மையான வேலைகளில் ஒன்று வெளியுலகைப் பார்த்துப் பேசுவது. தன் அரசரோடு சச்சரவிடும் குடிமக்களுக்கு வேற்று நாட்டு அரசு வெளிப்படையாக உதவினால் அது பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடுவதாகும். தனி நாடு என்று சொல்லிக்கொள்பவர்களோடு ஒப்பந்தம் செய்யலாம். ஜூன் 7 அன்று வர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ கொண்டுவந்த தீர்மானத்தில் சுதந்திரம், வெளிநாட்டுக் கூட்டணி, காலனிகளின் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே இருந்ததற்குக் காரணம் இதுவே. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு முழுப் பிரிட்டிஷ் படை சரணடைந்த பிறகு, 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் கிடைத்த வெற்றி பிரெஞ்சுக் கடற்படை கடல்வழியை அடைத்திராவிட்டால் கிடைத்திருக்காது. 1783 பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டன் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். புதிய அரசுகளை முதலில் அமைத்தவை தனித்தனி மாநிலங்கள். கனெக்டிகட்டும் ரோட் ஐலண்டும் தங்கள் பழைய அரச சாசனங்களில் அரசரின் பெயரை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே தொடர்ந்தன. அங்கே ஆளுநரையும் மக்களே தேர்ந்தெடுத்து வந்ததால் வேறெதையும் மாற்றத் தேவையிருக்கவில்லை. மற்ற மாநிலங்கள் எழுதிய அரசியல் சட்டங்களில் அரச ஆளுநர்களிடம் பட்ட அனுபவம் தெரிந்தது. பெரும்பாலானவை ஆளுநரை வலுவிழக்கச் செய்து சட்டமன்றத்திடம் அதிகாரத்தைக் குவித்தன; பென்சில்வேனியா ஒற்றைச் சபையை மட்டும் வைத்துக்கொண்டு ஆளுநர் பதவியையே விட்டுவிட்டது.

ஆனால் அடிப்படையான ஒரு சிக்கலை முதலில் கண்டுகொண்டவர்களில் மாசசூசெட்ஸின் கான்கார்டு ஊரார் முக்கியமானவர்கள். 1776 அக்டோபரில் நடந்த ஊர்க்கூட்டத்தில், சட்டமன்றமே அரசியல் சட்டத்தை எழுதினால் அதே சட்டமன்றம் நாளை அதை மாற்றவும் முடியும், அப்போது அதனிடமிருந்து மக்களைக் காப்பது எது என்று கேட்டு, இதற்கென்றே தனி மாநாடு வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1778-இல் சட்டமன்றம் எழுதி அனுப்பிய வரைவை மாநிலத்தின் ஊர்கள் வாக்களித்து நிராகரித்தன. பிறகு தனி மாநாடு தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜான் ஆடம்ஸ் வரைவு எழுதினார். அது ஊர்க்கூட்டங்களில் பகுதி பகுதியாக விவாதிக்கப்பட்டு 1780-இல் ஏற்கப்பட்டது. திருத்தங்களோடு அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எந்த அதிகாரத்தின் பேரில் என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் நேரடியான விடை: எழுதுவதற்கு மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநாடு, அதன்பின் மக்களின் தனியான ஒப்புதல். பின்னாளில் உலகின் பல நாடுகள் அரசியல் நிர்ணய சபைகளைக் கூட்டியபோது பின்பற்றிய நெறிக்கு, பெயர் தெரியாத அந்த ஊர்க்கூட்டத்தாரும் உரிமையாளர்கள் என்று எண்ணும்போது எனக்கு அவர்கள்மேல் பெரும் மதிப்பு உண்டாகிறது.

மாநிலங்களுக்கு மேலே நின்ற பொது அரசின் கதை இவ்வளவு சிறப்பாக இல்லை. 1777-இல் காங்கிரஸ் ஏற்ற கூட்டமைப்பு விதிகள், மேற்கு நிலங்கள் பற்றிய தகராறில் மேரிலாந்து கையெழுத்திட மறுத்ததால், 1781 மார்ச் மாதம்தான் நடைமுறைக்கு வந்தன. தொலைவில் இருந்த ஒரு நாடாளுமன்றம் வரி விதித்ததை எதிர்த்து எழுந்தவர்கள் ஆகையால், தாங்கள் அமைத்த காங்கிரஸுக்கும் வரி விதிக்கும் உரிமையைத் தரவில்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். கொடுக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. போர்க்காலத்தில் 20 கோடி டாலருக்கும் மேல் அச்சிடப்பட்ட காகிதப் பணம் மதிப்பிழந்து, 1780-இல் 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இறக்குமதிக்கு 5 சதவீத வரி விதிக்கும் அனுமதியை 1781-இல் கேட்டபோது ரோட் ஐலண்ட் என்ற ஒரே மாநிலத்தின் மறுப்பால் திட்டம் வீழ்ந்தது. மறுபடி கேட்டபோது நியூயார்க் தடுத்தது. விதிகளைத் திருத்த 13 மாநிலங்களும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும் என்பதே தடை. 1783-இல் சம்பளம் கிடைக்காத வீரர்கள் முற்றுகையிட்டபோது காங்கிரஸ் பிலடெல்பியாவை விட்டே வெளியேற நேர்ந்தது.

1786-இல் மாசசூசெட்ஸ் தன் போர்க்கடனை அடைக்க விதித்த கடும் வரிகளைச் செலுத்த முடியாமல் விவசாயிகள் நிலம் இழந்தபோது, 1774-இல் கற்ற பாடத்தையே திரும்பவும் கையாண்டார்கள். நார்த்தாம்டனில் நீதிமன்றத்தை மூடினார்கள். செப்டம்பரில் அதே வூஸ்டரிலும் மூடினார்கள். தங்களைப் பொறுத்தவரை முன்பு செய்ததைத்தான் செய்கிறோம் என்று அவர்கள் நம்பினார்கள். இம்முறை எதிரே இருந்தது மக்கள் வாக்களித்து ஏற்ற அரசியல் சட்டத்தின்கீழ் அமைந்த அரசு. அந்த அரசை எதிர்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. டேனியல் ஷேஸ் தலைமையில் 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கி வந்தவர்கள் பீரங்கியால் விரட்டப்பட்டார்கள். காங்கிரஸிடம் பணமும் இல்லை, படையும் இல்லை. கலகத்தை அடக்கிய படைக்குப் பாஸ்டன் வணிகர்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

அந்த மே மாதம் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டில் 12 மாநிலங்களிலிருந்து 55 பேர் கலந்துகொண்டார்கள். ரோட் ஐலண்ட் ஆளனுப்பவில்லை. கூட்டமைப்பு விதிகளைத் திருத்துவதற்காக அனுப்பப்பட்டவர்கள் அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதிய அரசியல் சட்டமே எழுதினார்கள். 13 மாநிலங்களின் சம்மதம் தேவை என்ற விதியையும் மீறி, ஒன்பது மாநிலங்களின் மாநாடுகள் ஏற்றால் ஏற்ற மாநிலங்களில் சட்டம் நடைமுறைக்கு வரும் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் இது இரண்டாவது பிரிவினை. பொது அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடைத்தது. அதற்காகச் செய்துகொண்ட சமரசங்களில் மிகக் கொடியது அடிமை முறை பற்றியது: பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்து எண்ணவும், 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்காமல் இருக்கவும் ஒப்புக்கொண்டார்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அறிவித்துப் பதினோரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒப்புதலும் எளிதில் கிடைக்கவில்லை. மாசசூசெட்ஸில் 187-க்கு 168, வர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27 என்று மயிரிழையில்தான் நிறைவேறியது. குடிமக்களின் உரிமைகளைக் காக்கும் திருத்தங்கள், அதாவது உரிமைகள் சாசனம், சேர்க்கப்படும் என்ற உறுதி இல்லாவிட்டால் இதுவும் நடந்திருக்காது. அந்தப் பத்துத் திருத்தங்கள் 1791-இல் நடைமுறைக்கு வந்தன.

எல்லாக் காலனிகளும் இதே வழியில் போகவில்லை. ஸ்பானிய அமெரிக்காவில் 1808-இல் நெப்போலியன் ஸ்பெயின் அரசரைப் பதவியிறக்கியதால் மேலிருந்த அதிகாரம் திடீரென்று இல்லாமல் போயிற்று. 1810-இல் காரகாஸ், புவனோஸ் அயர்ஸ் போன்ற நகரங்களின் சபைகள் சிறைப்பட்ட அரசரின் பெயராலேயே ஆட்சிக்குழுக்களை அமைத்தன. நகரங்களுக்கு இடையே கூடிப் பேசிய பழக்கம் குறைவாக இருந்ததால் பொது அரசுகள் நிலைக்கவில்லை. விடுதலைப் போர்த் தலைவர் சீமோன் பொலிவார் அமைத்த பெரிய கொலம்பியா என்ற நாடு 1830-ஐ ஒட்டி மூன்றாக உடைந்தது. அடிமைகளே எழுந்து வென்ற ஹைட்டி 1804-இல் விடுதலை பெற்றும், பிரான்சின் அங்கீகாரத்துக்காக 1825-இல் 15 கோடி பிராங்க் இழப்பீடு தர ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டது. இந்தியாவிலோ பேரரசு தன் சொந்தச் சட்டத்தின் மூலமே அதிகாரத்தை ஒப்படைத்தது; அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பரிலேயே கூடிவிட்டிருக்க, 1935-ஆம் ஆண்டுச் சட்டம் தழுவல்களுடன் 1950 ஜனவரி வரை நாட்டை நடத்தியது. இவற்றிலும், வரியும் நீதிமன்றமும் படையும் இடைவெளியின்றிக் கைமாறிய இடங்களில் புதிய அரசு சீக்கிரம் வேர்விட்டதைக் காணலாம்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் இதோடு சேர்ந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: பேரரசிலிருந்து பிரிந்த நாடு தனக்கென்று காலனிகள் வைத்துக்கொள்ளுமா? அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே கிடைத்த பரந்த நிலத்தைப் பற்றி இந்தக் கேள்வி உடனே எழுந்தது. 1787 ஜூலையில், பலவீனமான பழைய காங்கிரஸ் நிறைவேற்றிய வடமேற்கு நிலப்பகுதிச் சட்டம் அதற்கு ஒரு வழி கண்டது. ஒரு பகுதியில் வயது வந்த சுதந்திர (அடிமை அல்லாத) ஆண்கள் 5,000 பேர் சேர்ந்ததும் அது சட்டமன்றம் அமைக்கலாம். சுதந்திர மக்கள் 60,000 பேரானதும் பழைய 13 மாநிலங்களோடு எல்லா வகையிலும் சமமான மாநிலமாகச் சேரலாம். அங்கே அடிமை முறை கூடாது. லண்டன் 1763-க்குப் பின் தர மறுத்த சமநிலையைப் புதிய நாடு தன் குடியேறிகளுக்குச் சட்டமாகவே எழுதிக்கொடுத்தது. ஓஹையோ 1803-இல் அவ்வழியே மாநிலமாயிற்று. ஆனால் அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்திருந்த ஷானி, மயாமி முதலிய பழங்குடி நாடுகள் பாரிஸ் உடன்படிக்கையில் ஒரு தரப்பாகவே சேர்க்கப்படவில்லை. அவை 1791-இல் அமெரிக்கப் படையை முறியடித்து 600-க்கும் மேற்பட்ட வீரர்களைக் கொன்றன. 1794-இல் தோற்று, மறு ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் ஓஹையோவின் பெரும்பகுதியைக் கைவிட நேர்ந்தது.